ஒன்பது மார்க் பொய்

ஆங்கிலப் பரீட்சையில் பொய் சொல்லலாம், மார்க் குறைக்க மாட்டார்கள். இதை எனக்குச் சொன்னது என் சித்தி. சித்திக்குச் சொன்னது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் கோச்சிங் சென்டர் நடத்திய சார். நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிறவர்கள் எழுத வேண்டிய பரீட்சை அது. படிப்பது, எழுதுவது, கேட்பது, பேசுவது என்று நான்கு பகுதி. பேசுகிற பகுதியில் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். ‘நீங்கள் பார்த்த ஒரு பாலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று அதில் இருக்கும். நாங்கள் பார்த்ததெல்லாம் ரயில்வே கேட்தானே, பாலத்துக்கு எங்கே போவது என்று வகுப்பில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அதற்கு சார், “பாத்தேன்னு சொல்லுங்க. பாலம் இருக்குதா இல்லியான்னு எவனும் வந்து பாக்கப் போறதில்ல. நிறுத்தாம பேசறீங்களான்னுதான் பாப்பான்” என்று சொன்னாராம்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். எங்கள் பள்ளியில் பொய் சொன்னால் முட்டி போட வைப்பார்கள். அதே பொய்க்கு மார்க் போடுகிற ஒரு பரீட்சை உலகத்தில் இருக்கிறது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. இது நமக்கு முன்னாலேயே தெரியாமல் போயிற்றே என்று ஏக்கமாகக்கூட இருந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த வருஷம் பொங்கல் முடிந்து ஒரு பெரிய பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். “எக்ஸாமுக்குப் படிக்க வந்திருக்கா” என்று அம்மா தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள். தெரு நம்பியதோ என்னவோ, நான் நம்பினேன்.

சித்தி படித்தது உண்மைதான். எங்கள் வீட்டில் சீட்டு ஒட்டாத சாமானே இல்லை என்றாகிவிட்டது. கிரைண்டரில் ஒரு வார்த்தை, பீரோவில் ஒரு வார்த்தை, அஞ்சறைப் பெட்டியில் ஏழு வார்த்தை. சப்பாத்தி உருட்டிக்கொண்டே சித்தி, ‘களைப்பு’ என்பதற்கு எத்தனை ஆங்கில வார்த்தை இருக்கிறது என்று என்னைக் கேட்பாள். நான் இரண்டு சொன்னால் அவள் ஐந்து சொல்வாள். எனக்கு ரோஷம் வந்து அகராதியைப் புரட்டி மறுநாள் ஆறு சொல்வேன். அம்மா நடுவில் புகுந்து, களைப்புக்கு இத்தனை வார்த்தை வைத்திருக்கிற வெள்ளைக்காரன் வேலை எப்போது செய்கிறான் என்று கேட்டுவிட்டுப் போவாள்.

வார்த்தைக்குக் குறைச்சலில்லை. சிக்கல் வாயில்தான். சித்தி ஏற்கெனவே ஒரு முறை அந்தப் பரீட்சையை எழுதியிருந்தாள். படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றிலும் தேறியவள் பேசுவதில் கோட்டை விட்டுவிட்டாள். ஒன்பதுக்கு ஏழு வேண்டும், வந்தது ஐந்து. இத்தனைக்கும் அவர்கள் கேட்டது ஒன்றும் கஷ்டமான கேள்வி இல்லை. ‘உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டார்களாம். சித்தி வாயைத் திறந்தாளாம், ஒன்றும் வரவில்லையாம்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நான் மூன்றாம் வகுப்பிலேயே ‘மை ஹவுஸ்’ கட்டுரையை மனப்பாடம் செய்தவள். என் வீட்டில் நான்கு அறைகள் உள்ளன, என் வீட்டின் முன் ஓர் அழகிய தோட்டம் உள்ளது என்று வரும். எங்கள் வீட்டில் நான்கு அறையும் கிடையாது, தோட்டமும் கிடையாது. வாசலில் அப்பாவின் ஆட்டோ நிற்கும், அவ்வளவுதான். ஆனாலும் எனக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் எந்தக் கையில் ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்றாலும் சித்தியைத்தான் கூப்பிடுவார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அப்பேர்ப்பட்ட சித்தி போயும் போயும் வீட்டைப் பற்றிச் சொல்லத் தெரியாமல் பெயிலாகி வந்தது எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. சித்தியைத் தேற வைப்பது என் பொறுப்பு என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். எனக்கு சித்தப்பாவை ரொம்பப் பிடிக்கும். அதட்டிப் பேச மாட்டார், சட்டை எப்போதும் இஸ்திரி கலையாமல் இருக்கும். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். வரும்போதெல்லாம் ஒரு பை பச்சை மல்லாட்டை கொண்டுவருவார், நான் கேட்காமலேயே தோல் உரித்து உள்ளங்கையில் போடுவார். லீவில் கீழ்பென்னாத்தூர் போனால் டிராக்டரில் பக்கத்தில் உட்காரவைத்து நிலத்துக்குக் கூட்டிப் போவார். அன்றைக்கு ஹாலில் உட்கார்ந்து அப்பாவிடம் மெதுவாகத்தான் பேசினார்.

“இந்த ஒரு தபா எழுதட்டும்ணா. பாஸ் பண்ணா அவ முன்னாடி போகட்டும், நான் பின்னாடி வீசா எடுத்துனு போயிக்கிறேன். இல்லன்னா வேலைய வுட்டுட்டு வீட்டோட வந்து இருக்கட்டும். ஊர்ல கேக்கறவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியல.”

அப்பா தலையாட்டினார். நியாயமாகத்தான் சொல்கிறார் என்று அம்மாவும் சொன்னாள். சித்தி சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. பரீட்சைக்குப் படிக்கிறவள் நேரத்தை வீணாக்காமல் இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆக, தேறினால் அயர்லாந்து, தேறாவிட்டால் கீழ்பென்னாத்தூர். நான் அட்லஸை எடுத்து அயர்லாந்தைத் தேடினேன். கடலுக்குள் கட்டை விரல் நகம் அளவுக்கு இருந்தது. அங்கே எந்நேரமும் மழையாம், வெயிலே இல்லையாம். மல்லாட்டை விளையுமா என்று சித்தியைக் கேட்டேன், விளையாது என்றாள். இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் டிராக்டரும் கிணறும் மல்லாட்டையும் இருக்கிற ஊர். அதை விட்டுவிட்டு நகம் அளவு ஊருக்குப் போக இந்தச் சித்தி ஏன் இப்படி உயிரை விடுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆனால் உயிரை விட்டாள். அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. சாப்பிடும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

அப்பாதான் அந்த யோசனையைச் சொன்னார். எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் இருந்தது. ரோட்டில் இறங்கினால் ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். அப்பா தினமும் அவர்களை ஆட்டோவில் ஏற்றுகிறவர். “யெஸ் மேடம், நோ ப்ராப்ளம், கம், சிட்” என்று நான்கைந்து வார்த்தைகளை வைத்துக்கொண்டு இருபது வருஷம் தொழில் செய்தவர்.

“இங்கிலீஷ் இன்னா கடையிலயா விக்குது? நம்ம ரோட்ல நடந்து போவுது. ஒருத்தரைப் புடிச்சி மாடியில குடி வெச்சிட்டா முடிஞ்சுது. காலையில காபி குடுக்கச் சொல்லோ ரெண்டு வார்த்தை, சாயங்காலம் ரெண்டு வார்த்தை. வாய் தானா தொறக்கும்” என்றார்.

மாடியில் எங்களுக்கு ஓர் ஒற்றை அறை உண்டு. பழைய டயரும் உடைந்த நாற்காலியும் கிடந்த அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, ஒரு ஃபேனும் மாட்டினோம். அடுத்த வாரமே அப்பா ஆட்டோவில் ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார். நல்ல உயரம், ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, கதர் ஜிப்பா. பெட்டியை மாடியில் வைத்துவிட்டுக் கீழே வந்த அப்பா, எல்லாம் பேசி முடித்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டார். நல்ல மாதிரி அம்மா, எது சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார் என்றும் சொன்னார்.

அந்த அம்மாவின் கழுத்தில் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கியது. அப்பா அதை ஆசிரமத்து பாஸ் என்று நினைத்திருக்கிறார். நான் கிட்டே போய்ப் படித்தேன்.

“அப்பா, இவங்க மௌனம்.”

எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. ஒரு மாதம், ஆறு மாதம் என்று மௌனம் இருக்கிறவர்கள் அட்டையை மாட்டிக்கொண்டு காய்கறிக் கடையில் விரலை நீட்டி அரைக் கிலோ வாங்குவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். ரோடு முழுக்கப் பேசுகிறவர்கள் நடந்துகொண்டிருக்க, அப்பாவின் கண்ணில் பட்டது இவர்தான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“பேசறதுக்கு ஆள் கூட்டினு வாங்கன்னா, பேசாத ஆளா பொறுக்கிக் கூட்டினு வந்திருக்கீங்க.”

அப்பா பரிதாபமாக நின்றார். வெள்ளைக்காரம்மா எங்கள் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். அப்போதுதான் சித்தி சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “பரவால்ல வுடுங்க மாமா. பேசத்தான் நான் இருக்கறேனே, கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல” என்றாள்.

அடுத்த நாள் காபி கொண்டுபோன சித்தி உடனே கீழே வரவில்லை. கோச்சிங் சார் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் நெற்றி தெரிந்தால் வாய் தெரியாது. கண்ணாடிக்குப் பதிலாக வெள்ளைக்காரம்மாவையே வைத்துக்கொண்டால் என்ன என்று சித்திக்குத் தோன்றியிருக்கிறது. சைகையில் கேட்டிருக்கிறாள். அவரும் சைகையிலேயே சரி என்றிருக்கிறார்.

அன்றிலிருந்து சாயங்காலம் டூட்டி முடிந்து வந்ததும் நாங்கள் இருவரும் மாடிக்குப் போவோம். நான்தான் பரீட்சை நடத்துகிற அதிகாரி. உடைந்த நாற்காலியில் அப்பா கட்டை வைத்து அடித்துக் கொடுத்திருந்தார், அதில் உட்கார்ந்துகொள்வேன். அம்மாவின் செல்போனில் அலாரம் வைத்து நேரம் பார்ப்பேன். சார் கொடுத்த கேள்விகளைச் சீட்டுகளாக வெட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டிருந்தோம். குலுக்கி ஒன்றை எடுத்து நீட்டினால், சித்தி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு இரண்டு நிமிஷம் பேச வேண்டும். பேசி முடித்ததும் நான் ஒன்பதுக்கு மார்க் போடுவேன். வெள்ளைக்காரம்மா பாயில் சம்மணம் போட்டு, கையை மடியில் வைத்து, சித்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் சில நாட்கள் சித்தி திக்கித் திணறினாள். பாலம் பாதியில் நின்றது. பிடித்த சாப்பாடு இட்லியைத் தாண்டவில்லை. நான் தயவுதாட்சணியம் பார்க்காமல் நான்கு, நான்கரை என்று போட்டேன். பிறகு எப்படியோ வர ஆரம்பித்தது. கார்த்திகை தீபத்தைப் பற்றிச் சொல்லு என்று சீட்டு வந்தபோது செல்போன் அடித்த பிறகும் நிறுத்தவில்லை. கோச்சிங் சென்டரில் வராதது இங்கே மட்டும் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். மாடிப்படியில் இறங்கும்போது கேட்டேன். சித்தி ஒரு படியில் நின்று யோசித்தாள்.

“மத்தவங்க மூஞ்சில அடுத்து இன்னா சொல்லலாம்னு ஓடிக்கினே இருக்கும்டி. இவங்க மூஞ்சில ஒண்ணும் ஓடல.”

இது எனக்குப் பதிலாகவே படவில்லை. மறுநாள் வெள்ளைக்காரம்மாவின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். சுருக்கமும், மூக்கின் மேல் வெயிலில் உரிந்த தோலும்தான் இருந்தன.

சித்தி மேலே பேசப் பேச, அம்மா மாடிப்படியின் கீழே முறத்தோடு வந்து உட்கார ஆரம்பித்தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் எட்டாவது வரைதான். அவரைக்காய் கிள்ளிக்கொண்டே காது கொடுத்துக் கேட்பாள். சில நாள் சவாரி இல்லாவிட்டால் அப்பாவும் ஆட்டோவில் சாய்ந்தபடி கேட்பார். எதிர்வீட்டு அக்காவிடம் அம்மா, “எப்படிப் பொளந்து கட்றா பாத்தியா? அந்த வெள்ளக்காரம்மாவே வாயடைச்சுப் போயி உக்காந்துனு இருக்குது” என்றாள். மௌனத்தை அம்மா தன் தங்கையின் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தபோது அந்தச் சீட்டு வந்தது. ‘நீங்கள் நீண்ட நேரம் காத்திருந்த ஒரு சந்தர்ப்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.’ நல்ல சுலபமான சீட்டு. பஸ்ஸுக்குக் காத்திருந்தேன், ரேஷன் கடையில் காத்திருந்தேன் என்று எதையாவது அடித்துவிடலாம். சித்தி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷத்துக்கு மேலேயே யோசித்தாள். நான் செல்போனைத் தட்டிக் காட்டினேன். அவள் பேச ஆரம்பித்தாள். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் சொல்வார்களே, அந்த மாதிரி. ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

‘நான் இரவு டூட்டி முடித்து முதல் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. நான் தட்டினேன். உள்ளே மிக்ஸி ஓடியது. மிக்ஸி நின்றதும் மறுபடி தட்டினேன். டிவி சத்தம் கேட்டது. இரவு டூட்டிக்குப் போகக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் போயிருந்தேன். வாசலில் மல்லாட்டை மூட்டைகள் இருந்தன. நான் அதில் சாய்ந்து உட்கார்ந்தேன். தெருவில் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கதவு திறந்தது. என் கணவர் வெளியே வந்தார். என் கால்களைத் தாண்டினார். வண்டியை எடுத்தார். உள்ளேயிருந்து மறுபடி தாழ் போட்டார்கள். வெயில் என் மேல் வந்தது. எனக்குத் தாகமாக இருந்தது. மதியம் திறந்தார்கள். நான் உள்ளே போய்ச் சமைத்தேன். அதற்குப் பிறகும் பல நாட்கள் நான் காத்திருந்தேன். இப்போது எனக்கு மூட்டைகளில் சாய்ந்து தூங்கத் தெரியும்.’

செல்போன் எப்போதோ அடித்து ஓய்ந்திருந்தது. சித்தி சீட்டை மடித்து டப்பாவில் போட்டாள். வெள்ளைக்காரம்மா எழுந்து போய் மூலையிலிருந்த பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து சித்தியிடம் நீட்டினார். சித்தி வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் சொம்பை நீட்டியபடியே நின்றார். கடைசியில் சித்தி வாங்கி முழுவதையும் குடித்தாள். தாகம் என்று சொன்னதால் கொடுக்கிறார் என்று நான் நினைத்தேன்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

“சித்தி, கீழ்பென்னாத்தூர் வீட்டுக் கதவு தொறந்தேதானே இருக்கும்? நான் எப்ப வந்தாலும் தொறந்துதான் இருக்குது.”

சித்தி என்னைப் பார்த்தாள். “பொய் சொல்லலாம்னு சார் சொல்லியிருக்காரு இல்ல?” என்றாள்.

அடேயப்பா! நான் அசந்தே போனேன். மிக்ஸி என்ன, மூட்டை என்ன, காலைத் தாண்டிப் போனது என்ன! நான்கு அறையும் தோட்டமும் வைத்து நான் சொன்ன பொய் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு பொய்யை உட்கார்ந்த இடத்தில் கட்டத் தெரிந்தவள் போன முறை எப்படிப் பெயிலானாள் என்று நான் மலைத்தேன்.

“சூப்பர் பொய் சித்தி. ஒன்பது” என்றேன். அதற்கு முன் நான் யாருக்கும் ஒன்பது போட்டதில்லை.

“ஒன்பதா? ஜாஸ்தி போடற” என்று சொல்லி சித்தி என் தலையைக் கலைத்துவிட்டாள்.

அந்தக் கதையில் ஒரே ஒரு வரியைத் தமிழில் சொல்லியிருந்தால், கீழே அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்த அம்மா முறத்தைப் போட்டுவிட்டு மேலே ஓடி வந்திருப்பாள். வராமலும் இருந்திருக்கலாம். சித்தி வந்த புதிதில் ஒருநாள் அக்காளும் தங்கையும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தபோது, “எல்லா வீட்லயும் இருக்கறதுதான், கொஞ்சம் அனுசரிச்சுப் போ” என்று அம்மா சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. எதை அனுசரிப்பது என்று நான் கேட்டதற்கு, போய்ப் படி என்று துரத்தினாள். அன்று சாயங்காலம் நாங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. இன்றைக்கு நிறுத்தாமல் பேசினாயே என்று தங்கையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். சித்தி சிரித்துக்கொண்டே நின்றாள்.

பரீட்சைக்குச் சென்னைக்குப் போய்வந்த அன்று, சித்தி செருப்பைக் கழற்றுவதற்குள் என்ன கேட்டார்கள் என்று பிடித்துக்கொண்டேன்.

“மறுபடி வீட்டப் பத்தித்தான் கேட்டாங்க.”

இந்தத் தடவையும் கீழ்பென்னாத்தூர்தான் என்று நினைத்தேன். “நீ இன்னா சொன்ன?”

“நாலு ரூம் இருக்குது, முன்னாடி தோட்டம் இருக்குதுன்னு சொன்னேன்” என்றாள் சித்தி. பிறகு, “கதவு எப்பவும் தொறந்தே இருக்கும்னு சொன்னேன்” என்றாள்.

என் கட்டுரையைத்தான் சொல்லியிருக்கிறாள்! அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ரிசல்ட் வருவதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் காலை வெள்ளைக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கழுத்தில் அட்டை இல்லை. மௌனம் முடிந்துவிட்டது, இனி பேசுவார்! அப்பா அவசரமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார், அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள். அந்த அம்மா எங்கள் எல்லோரையும் பார்த்து, மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சாகப் பேசினார். கரகரவென்று, உஷ் உஷ் என்று, எங்கள் யாருக்கும் ஒரு சொல்லும் பிடிபடாத ஒரு பாஷை.

அப்பா என் பக்கம் குனிந்து, “இது எந்த ஊரு இங்கிலீஷு?” என்றார்.

அது இங்கிலீஷே இல்லை. அவர் போலந்துக்காரர். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ஆரம்பத்திலிருந்தே அப்பாவின் கையில்தான் இருந்தது, ஊர் பெயரும் அதில் இருந்தது. வெள்ளையாக இருந்தால் இங்கிலீஷ் தெரியும் என்று அப்பா நினைத்திருந்தார். அப்பா என்ன, நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தோம். சித்தி மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, ஆங்கிலம் தெரியாதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த அம்மா வெட்கத்தோடு இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டி, “லிட்டில். வாட்டர். தேங்க்யூ. குட்” என்றார். அவ்வளவுதான் அவரிடம் இருந்தது.

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று நான் கவனிக்கவில்லை, பார்க்கும்போது அழுதுகொண்டிருந்தாள். வெள்ளைக்காரம்மா அவள் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மூன்று மாதம் வீணாகப் போன வருத்தம் என்று நினைத்து அப்பா, “நான் ஒரு மடையன்மா, மன்னிச்சுக்கோ” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, எல்லோரும் கலைந்த பிறகு, சித்தி என்னைக் கூப்பிட்டாள். முகம் கழுவியிருந்தாள்.

“நான் மேல பேசினதெல்லாம் உனக்குப் புரிஞ்சுதாடி?”

இது என்ன கேள்வி? “ஒரு வார்த்தை வுடாம புரிஞ்சுது சித்தி. நான்தானே மார்க் போட்டேன்.”

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“பொய்ய போயி யாராவது சொல்லுவாங்களா?”

சித்தி சீப்பை எடுத்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தோன்றியது. அப்புறம், “ஆமா, பொய்தான்” என்று சொல்லி என் ஜடையைப் பிரித்து மறுபடி பின்ன ஆரம்பித்தாள். அன்றைக்கு ரொம்ப இறுக்கமாகப் பின்னிவிட்டாள்.

ரிசல்ட்டில் பேசுவதற்கு ஏழரை வந்தது. அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தாள். அந்த மழைக்காலத்தில் சித்தி அயர்லாந்துக்குப் போனாள். சித்தப்பா ஏர்போர்ட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை மல்லாட்டை. பெட்டியில் இடமில்லை என்று சித்தி அதை என்னிடம் கொடுத்துவிட்டாள். பின்னாடியே வருகிறேன் என்று அவர் சொன்னார். சித்தி திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

சித்தப்பாவுக்கு வீசா வரவில்லை. அவரிடமிருந்து வரும் போனை சித்தி எடுப்பதில்லை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அம்மா போனில் சித்தியிடம் ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டாள். இன்னொரு நாள் அதே போனில் ஒன்றுமே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள், வைத்த பிறகு நெடுநேரம் சமையலறையை விட்டு வரவில்லை. அதன் பிறகு கீழ்பென்னாத்தூர் பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. முழுப்பரீட்சை லீவில் நான் அங்கே போக வேண்டும் என்று அடம் பிடித்தபோது அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். எனக்குச் சித்தியின் மேல்தான் கோபம். ஒருத்தி பரீட்சையில் பாஸ் பண்ணினால் இன்னொருத்திக்கு டிராக்டர் போக வேண்டுமா?

ஆனாலும் அந்த மாடியறையை நினைத்தால் கோபம் இறங்கிவிடும். வெள்ளைக்காரம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, தெரியாமலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாது. சித்தி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்ட ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ரொம்ப நாள் பெருமையாக இருந்தது.